இருபது நிமிடம் அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொடாதீர்கள்

அப்பாவைப் பாம்பு கடித்ததற்கு முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. ஐப்பசி மாதம். நான்கு நாள் விடாமல் பெய்ததில் ரப்பர் வெட்டு நின்றுபோயிருந்தது. ஐந்தாம் நாள் பட்டை காய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அப்பா மூன்றரை மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் முந்நூற்றைம்பது மரம், குத்தகை. அவருக்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வருடமாகப் பால் வெட்டுகிறார்.

மணி நாலே முக்கால் இருக்கும். ஒரு மரத்தில் வெட்டி முடித்துச் சிரட்டையைச் சரியாக வைக்கக் குனிந்தபோது இடது கணுக்காலுக்குக் கீழே சுருக்கென்று குத்தியிருக்கிறது. கூடவே குக்கரில் ஆவி இறங்குகிற மாதிரி ஒரு சீறல். லைட்டைத் திருப்பினால் தடித்த உடம்பு ஒன்று சருகுக்குள் போய்க்கொண்டிருந்ததாம், முதுகில் சங்கிலி போட்டதுபோல வட்ட வட்டமாக. கண்ணாடி விரியன். எங்கள் பக்கத்து வயதானவர்கள் அணலி என்பார்கள். எல்லை தாண்டினால் மலையாளத்திலும் அதே பெயர்தான்.

நான் லேப் டெக்னீஷியன். மார்த்தாண்டத்தில் ஒரு லேப்பில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரத்தம் உறைகிற நேரத்தைப் பார்ப்பது எனக்குத் தினப்படி வேலை. இதய வால்வு மாற்றியவர்கள், காலில் இரத்தக் கட்டி வந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்க வருவார்கள், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண் அது. நீல மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பேன், சுற்றவைப்பேன், மெஷினில் ஏற்றுவேன், எண்ணை எழுதிக் கொடுப்பேன். அப்படியிருந்தும் அன்று காலை நடந்ததில் பாதி எனக்கே புதிது. சாதாரண வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து முடிவெல்லாம் டாக்டர்களுடையது. சோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்ல முடியும்.

கடித்ததும் அப்பா இரண்டு தவறு செய்தார். முதலாவது, பக்கத்துத் தோட்டத்து மாமாவைக் கூப்பிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கக் கட்டச் சொன்னார். இரண்டாவது, வீடு வரைக்கும் நடந்தே வந்தார். அரை கிலோமீட்டர் ஏற்றம். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இரண்டும் கெடுதல். இறுகக் கட்டினால் கீழே இரத்த ஓட்டம் நின்று திசு அழுகும். விரியன் விஷம் ஏற்கெனவே திசுவைத் தின்கிற விஷம், அதைக் கட்டுக்குக் கீழேயே பிடித்து வைத்தால் கால்தான் போகும். நடந்தால் தசை அசைந்து விஷம் வேகமாக ஏறும். செய்ய வேண்டியது காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு பலகையோ கம்போ வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு போவது. மோதிரம், மெட்டி, கொலுசு எதுவாக இருந்தாலும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது. மைனி அடுப்படியிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து வந்தாளாம். நல்லவேளை, அண்ணன் தடுத்துவிட்டான். அம்மா விஷ வைத்தியர் வீட்டுக்குப் போகலாம் என்று அழுதிருக்கிறாள். அண்ணன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தரைக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். இரவு டியூட்டி டாக்டர் இளம் வயது. அவர் முறையாகவே கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து வைத்தார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருந்தது.

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆறே காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்டில் எல்லார் முகத்திலும் கொஞ்சம் தெளிச்சி. "விஷம் ஏறல்லியாம் மக்ளே, பேடிக்காத" என்று அப்பாவே எனக்குச் சொன்னார். டி.டி. என்கிற டெட்டனஸ் ஊசி போட்டாகிவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அந்தக் குழாயை வாங்கிப் பார்த்தேன். அடியில் கெட்டியாக, குழாயைக் கவிழ்த்தாலும் நகராமல், நல்ல உறை. நானும் நம்பினேன். லேப்பில் பதினொரு வருடம் இருந்தவள், சோதனை எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

கடித்து முக்கால் மணி நேரத்தில் எடுத்த சோதனை அது. கண்ணாடி விரியன் விஷத்துக்கு இரத்தத்தின் உறைகிற சக்தியைக் காலி செய்ய நேரம் வேண்டும். சிலருக்கு அரை மணியில் தெரியும், சிலருக்குப் பல மணி நேரம் ஆகும். முதல் குழாய் உறைந்தது என்றால் அந்த நிமிடத்தில் இரத்தம் உறைகிறது என்றுதான் பொருள். விஷம் ஏறவில்லை என்று பொருள் இல்லை. ஆரம்ப மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி திருப்பி எடுக்க வேண்டும், அப்புறமும் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். விஷப்பாம்பு கடித்தவரை, ஒன்றும் இல்லை என்றே தோன்றினாலும், 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் எங்கள் குடும்பத்தில் அன்று யாருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்து.

ஆறே முக்கால் இருக்கும். அண்ணன் கட்டன் காப்பி வாங்கி வந்தான். அப்பா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வாய் கொப்பளித்து வாஷ்பேசினில் துப்பினார். தண்ணீர் ரோஸ் நிறம். மறுபடி கொப்பளிக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சிவப்பு. பல் ஈறைப் பார்த்தேன், கீழ் வரிசையில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. தோள்பட்டையில் டி.டி. ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நனைந்து, கையோடு ஒரு கோடு இறங்கியிருந்தது. கணுக்கால் வீக்கம் காலையில் பேனாவால் போட்ட வட்டத்தைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்ததும் முகம் மாறியது. உடனே மறுபடி குழாய் வைக்கலாம் என்றார். நான் என் கையையும் நீட்டினேன். "எனக்கும் எடுங்க சிஸ்டர், பக்கத்துல வைங்க" என்றேன். காரணம், அந்தக் குழாய் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, கழுவியதா புதிதா என்று எனக்குத் தெரியாது. நல்ல ஆளின் இரத்தத்தைப் பக்கத்திலேயே ஒரு குழாயில் வைத்தால் குழாயின் குற்றமா, இரத்தத்தின் குற்றமா என்று பிரித்துவிடலாம். லேப்பில் தினமும் காலையில் கன்ட்ரோல் ஓட்டுகிறோமே, அதேதான் இது.

ஆறு ஐம்பத்தைந்து. ஜன்னல் ஓரத்தில் ஒரு மர ஸ்டாண்டில் இரண்டு குழாய். ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லி. இடதுபுறம் அப்பா, வலதுபுறம் நான். பிளாஸ்திரியில் பேரும் மணியும் எழுதி ஒட்டினேன்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனை பிழையாவது பெரும்பாலும் இங்கேதான். எல்லாருக்கும் கை பரபரக்கிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கத் தோன்றும். அண்ணன் இரண்டு தடவை கை நீட்டினான். தடுத்தேன். குலுக்கினால் உறை கட்டுகிற நேரத்தில் கலைந்துவிடும். குழாயை அசையாமல், அறையின் சாதாரண வெப்பத்தில், நேராக நிற்க வைக்க வேண்டும். இருபது நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். உறையாவிட்டால் தண்ணீர் மாதிரி ஓடும். அவ்வளவுதான் சோதனை. மெஷின் இல்லை, கரண்டு இல்லை, ரீஏஜென்ட் என்கிற சோதனை ரசாயனமும் இல்லை. 1970களில் நைஜீரியாவில் விரியன் கடிக்கு வைத்தியம் பார்த்தவர்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே இப்படிப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது.

குழாய் மட்டும் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பு பட்டதும்தான் இரத்தத்தில் உறைதலைத் தொடங்கி வைக்கிற பன்னிரண்டாம் காரணி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டுதல் கிடையாது. நல்ல இரத்தமே இருபது நிமிடத்தில் உறையாமல் நின்று எல்லாரையும் பயமுறுத்தும், தேவையில்லாத மருந்து ஏறும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, சோப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் உறைதல் கெடும். காலியான ஊசி மருந்துப் புட்டியும் ஆகாது. புதிது, சுத்தம், உலர்ந்தது. லேப்களில் இப்போது எல்லாமே பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் கண்ணாடிக் குழாய் தேடினால் கிடைக்காத நிலைமை. ஊதா மூடிக் குழாயில் எடுத்துவிட்டு இரத்தம் உறையவில்லை என்று சொன்ன கதையும் கேட்டிருக்கிறேன். அதில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கென்றே மருந்து போட்டிருக்கிறது, எத்தனை நாள் வைத்தாலும் உறையாது.

ஏழே காலுக்கு டாக்டர் முதலில் என் குழாயைச் சாய்த்தார். அசையவில்லை. அப்பாவின் குழாயைச் சாய்த்தார். ஓடியது. குழாயின் சுவரில் ஒரு திட்டுகூட ஒட்டாமல், கள்ளு மாதிரி வழுவழுவென்று ஓடியது.

அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பால் உறையல்லியே மக்ளே" என்றார்.

அவருக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ரப்பர் பாலில் ஆசிட் கலந்து டிஷ்ஷில் ஊற்றினால் உறைந்து ஷீட்டாகிறது. அதே பாலை உறையாமல் தொலைவுக்குக் கொண்டுபோக அமோனியா விடுகிறார்கள். எங்கள் லேப்பின் நீல மூடிக் குழாயில் இருக்கிற சிட்ரேட் அந்த அமோனியா செய்கிற வேலையைச் செய்கிறது. ஆனால் விரியன் விஷம் அப்படிச் செய்வதில்லை. அது நேர் எதிர். உறைதலில் வேலை செய்கிற ஐந்தாம் காரணியையும் பத்தாம் காரணியையும் அது நேரடியாகத் தட்டி எழுப்பி, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன உறைவுகளை உண்டாக்கிவிடுகிறது. உறைவதற்கான மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் அதில் செலவாகித் தீர்ந்துபோகிறது. டிஷ்ஷில் பாலே இல்லாமல் வெறும் தண்ணீர் நிற்கும்போது எவ்வளவு ஆசிட் ஊற்றி என்ன? அதனால்தான் ஈறில் கசிகிறது, ஊசித் துளையில் கசிகிறது. மூளையில் கசிந்தால் ஆள் பிழைப்பதே கடினம்.

இந்த விஷத்தின் இந்தக் குணத்தை நானே வேலையில் பார்த்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அடிக்கடி கரு கலைகிற பெண்களுக்கு லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்று ஒரு சோதனை எழுதுவார்கள். நாங்கள் சாம்பிளைப் பெரிய லேப்புக்கு அனுப்புவோம். அங்கே அதைப் பார்க்கிற ரீஏஜென்டில் இருப்பது நீர்த்த கண்ணாடி விரியன் விஷம். 1934ல் மக்ஃபார்லேன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தில் இதே விஷத்தை நீர்த்துத் தடவி இரத்தத்தை நிறுத்தியிருக்கிறார். ஒரு சொட்டு உறைய வைக்கிறது, கடிபட்ட உடம்பில் உறையவே விடாமல் செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இல்லை. டாக்டரே 108க்கு போன் செய்தார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குத் தகவலும் சொன்னார். ஒரு தாளில் கடித்த நேரம், முதல் குழாய் எடுத்த நேரம், இரண்டாவது எடுத்த நேரம், இரண்டின் முடிவு, டி.டி. போட்டது, கட்டு போட்டுத் தளர்த்தியது எல்லாம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் எங்களுக்குப் பெரிய உதவி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இரத்தம் உறையாத ஆளுக்குத் தசையில் ஊசி போடக்கூடாது, டி.டி.யைக்கூட உறைதல் சரியான பிறகு போட்டால் போதும். அப்பாவுக்கு அந்தத் தோள் ஒரு வாரத்துக்குக் கருநீலமாகக் கிடந்தது.

கிளம்புகிற நேரத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், வால்வு ஆபரேஷன் ஆனவர், "என்னட்ட ஐ.என்.ஆர். மீட்டர் இருக்கு, விரலில் குத்தினா ஒரு நிமிஷத்துல தெரியும், கொண்டு வரட்டா" என்று கேட்டார். நல்ல மனசு. ஆனால் அந்த மீட்டர் இதற்கு ஆகாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது அருமையான சாதனம். ஆனால் பல மீட்டர்கள் உறை கட்டுவதைப் பார்ப்பதில்லை, உறைதலின் கடைசிக்கு முந்தைய படியில் த்ராம்பின் என்ற பொருள் உண்டாவதைத்தான் அளக்கின்றன. விரியன் கடியில் காலியாவது அதற்கு அடுத்த படியில் இருக்கிற ஃபைப்ரினோஜன். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு ஆளை ஏமாற்றிவிடும். ஆஸ்திரேலியாவில் பாம்புக் கடிக்கு இந்த மீட்டர்களை நம்பக்கூடாது என்று ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறார்கள்.

திருவட்டார், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம். ஞாயிறு காலை என்பதால் தக்கலையில் நெரிசல் இல்லை. எட்டேகாலுக்கு ஆசாரிப்பள்ளத்தில் அப்பாவை இறக்கினோம். அந்தத் தாளைப் பார்த்ததும் அங்கே இன்னொரு குழாய் வைத்துக் காத்திருக்கவில்லை. எட்டரைக்கு விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது. பத்து வயல், அதாவது பத்துக் குப்பி. அங்கே அது இலவசம்.

மருந்து ஏறும்போது உடம்பு அரிப்பதும், தடிப்பு எழுவதும், குளிரில் நடுங்குவதும் உண்டு. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அல்லவா, உடம்பு எதிர்க்கும். அதற்காக அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் பதினைந்தாம் நிமிடம் வயிற்றில் தடிப்பு எழுந்தது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, தணிந்ததும் மெதுவாகத் தொடர்ந்தார்கள். தடிப்பைப் பார்த்துப் பயந்து மருந்தே வேண்டாம் என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இந்த விஷத்துக்கு வேறு மருந்து கிடையாது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன், கடுக்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். அவனுக்கும் அதே பத்து வயல் ஏற்றினார்கள். அவன் அம்மா "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா" என்று கேட்டாள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, மருந்து விஷத்துக்குத்தான், உடம்பின் எடைக்கு இல்லை என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார்.

நீல மூடிக் குழாயிலும் இரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பினார்கள். அங்கே நான் தொழில்காரியாகப் போய் எட்டிப் பார்த்தேன். இரத்தம் உறைகிற நேரத்தை வினாடியில் அளக்கிற பி.டி. மெஷின் எண் காட்டவில்லை. நல்ல ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வினாடியில் உறைய வேண்டியது, மெஷின் தன் எல்லை வரைக்கும் காத்திருந்துவிட்டு உறைவு இல்லை என்று எழுதியது. இந்த மாதிரி முடிவு வந்தால் நாங்கள் லேப்பில் முதலில் சந்தேகப்படுவது சாம்பிளைத்தான். குழாயில் கோடு வரைக்கும் இரத்தம் நிரம்பவில்லையா? ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு, இரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி உறைதல் நேரம் பொய்யாக நீளும். எடுத்ததும் மெதுவாக மூன்று நான்கு தடவை கவிழ்த்துக் கலக்கினார்களா? இல்லையென்றால் உள்ளேயே உறை கட்டிவிடும். அப்பாவின் குழாய் கோடு வரைக்கும் நிரம்பியிருந்தது, உறைவு இல்லை. முடிவு உண்மை. எவ்வளவு வேகமாகப் பார்த்தாலும் பி.டி. முடிவு கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிறது, இரத்தத்தைச் சுற்றவைக்கவே பத்துப் பதினைந்து நிமிடம் போகிறது. கண்ணாடிக் குழாய் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டது. ஆனால் லேசான குறையைக் குழாய் தவறவிடலாம், அதை பி.டி. பிடித்துவிடும். அதனால் இரண்டும் வேண்டும்.

அடுத்த குழாய் மத்தியானம் இரண்டரைக்கு என்றார்கள். அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று அண்ணனுக்குக் கோபம். மருந்து விஷத்தை முறித்துவிடும், ஆனால் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனை அது திருப்பித் தராது. அதைக் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் பார்த்தால் விஷம் முறிந்திருந்தாலும் குழாய் உறையாது, வீணாக இன்னொரு பத்து வயல் ஏறும். ஆறு மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் அண்ணன் அடங்கினான்.

இரண்டரைக்குக் குழாய் ஓடியது. இன்னொரு பத்து வயல். இரவு ஒன்பதுக்கு அடுத்த குழாயை ஹவுஸ் சர்ஜன் பெண் சாய்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அடியில் கெட்டியாக நின்றது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் நீர் பிரிந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். விடியற்காலை மூன்றுக்கு வைத்ததும் உறைந்தது. மறுநாள் ஐ.என்.ஆர். 1.6, அதற்கு மறுநாள் 1.2.

இரத்தம் உறைந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அப்படி இல்லை. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் அடிக்கும். இரண்டாம் நாள் மூத்திரம் குறைந்தது, நிறம் கட்டன் காப்பி மாதிரி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.9ல் இருந்தது 2.3க்கு ஏறியது. எவ்வளவு மூத்திரம் போகிறது என்று அளந்து எழுதச் சொன்னார்கள். அம்மா ஒரு நோட்டில் மணி போட்டு எழுதினாள். டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. நான்காம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஏழாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் விடாமல் பார்த்து, 1.1க்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விரியன் கடித்து வீட்டுக்கு வந்தவர்கள் கிரியாட்டினின் பார்க்கப் போகாமல் விட்டுவிடுவதை எங்கள் லேப்பிலேயே பார்க்கிறேன்.

நம் மாவட்டத்து மலைப்பக்கத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, கோதையாறு போன்ற இடங்களில் ரப்பர் காட்டிலும் கிராம்புத் தோட்டத்திலும் சின்னதாக, மூக்கு நுனி மேலே தூக்கின ஒரு குழிவிரியன் இருக்கிறது. சிலர் அதைச் சுருட்டை என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான சுருட்டை விரியன் வேறு. இது முக்கியம், ஏனென்றால் நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது. மாமல்லபுரத்துப் பக்கம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அதன் கடியிலும் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடும், ஆனால் இந்த மருந்து கேட்பதில்லை. மருந்து ஏற்றியும் குழாய் மறுபடி மறுபடி ஓடினால் டாக்டருக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும், அதற்கு நாம் பாம்பைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். இதற்காகப் பாம்பைத் துரத்தவோ அடித்துக் கொண்டுவரவோ வேண்டாம், இரண்டாவது கடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தள்ளி நின்று போனில் ஒரு படம் கிடைத்தால் எடுக்கலாம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, குழாய் சொல்லும்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக் கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியும் தெரிவித்தாக வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேரைக் கடிக்கிறது என்று கணக்கு வந்தால்தான் மருந்து அந்த ஊருக்குப் பக்கத்தில் வந்து இருக்கும். எனக்கு இதில் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குச் சருகில் கால் வைக்கிற ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கிற மாவட்டத்தில், பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு ஜோடி கம்பூட்டு என்கிற ரப்பர் பூட்ஸ்கூடக் கொடுக்காமல் வேலை வாங்குகிற முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பா தை மாதம் மறுபடி வெட்டப் போனார். போக வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம், கேட்கவில்லை. முழங்கால் வரைக்கும் கம்பூட்டு வாங்கிக் கொடுத்தேன். கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு மரத்தடியைத் தட்டிவிட்டுத்தான் குனிகிறார். கணுக்காலில் இன்னும் ஒரு கருத்த தழும்பு இருக்கிறது.

நான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி புதுக் கண்ணாடிக் குழாய் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இளம் டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது குழாயில் ஒட்டுகிற பிளாஸ்திரியில் எடுத்த மணியோடு, அடுத்த குழாய் எத்தனை மணிக்கு என்றும் சேர்த்து எழுதுகிறார்களாம். சிஸ்டர் சொன்னார்.

போன மாதம் இரவு பத்தரைக்கு அண்ணனின் கூட்டுக்காரன் போன் செய்தான். அவன் மாமியாரைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஏதோ கடித்துவிட்டது, என்ன பாம்பு என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம், இரத்தம் உறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான்.

"கடிச்சது எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே முக்கால் இருக்கும் அக்கா."

"குழாய் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?"

அவன் சிஸ்டரிடம் கேட்கப் போனான். நான் லைனிலேயே நின்றேன்.